அறிஞர் கூட்டத்தின் பயன்

அச்சிட்ட ஏடுகள் மலிந்த இக்காலத்தில் ஆராய்ச்சியாளர் ஓரிடத்திற் கூடுவது எற்றுக்கு எனின், 1987ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நியூயார்க்கில் நிகழ்ந்த கூட்டம் விடை பகரும்.

முந்திய ஆண்டிலே பெட்நார்ஸ், மியுல்லர் என்னும் இருவர், செம்பு கலந்த பீங்கான் போன்றதொரு பொருள் கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துமெனக் கண்டனர். பீங்கான் பொதுவாக மின்சாரத்தைச் செல்லவிடாதாகலின் பலர் ஐயுற்றனர். ஆயினும் ஏனைய ஆய்வுக்கூடங்களிலும் அச்சோதனை பலித்தது. அம்முடிவுகள் பல அச்சேறுமுன்பே அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் அவைக்கு வந்தன. 51 பேர், பெரும்பாலும் ஆளுக்கு 5 நிமிடமாக, இரவு 7.30 மணி முதல் 3 மணி கடந்தும் உரைத்தனர்.

ஒருவர் கண்டது, பிறர் முன்னிலையில் வினாவுக்கு விடையிறுத்த பின்னரே ஐயமற்ற அறிவாகின்றது. தனியறையில் தோன்றிய உண்மைக்கு அவையே உரைகல் என்க.