கைத்தொலைபேசியில் வேதம் கற்போம்

இடம்பெயர்ந்து வாழும் நாம் புத்தகங்களைச் சுமந்து திரிய இயலாது. கைத்தொலைபேசி இருந்தால் வேதாகமமும் விளக்கவுரையும் அதிலேயே அடங்கும். ஆயினும் முளைதிறன் பார்த்தே நெல் விதைக்கும் நாம், செயலியையும் சோதித்தே ஏற்போம்.

1. இணையத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். 2008இல் வெளிவந்த யூவேர்சன் செயலியிலும் எல்லா மொழிபெயர்ப்புகளையும் சேமித்து வைக்க முடியாது.

2. நூல்களை எண்ணுங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73, புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 66 நூல்கள் உண்டு. உங்கள் சபையில் வாசிக்கப்படுவதையே தெரிவு செய்யுங்கள்.

3. எழுத்தறியாத முதியோர் கேட்க ஒலிவடிவம் உண்டா?

4. லூக்கா 8இல் விதைப்பவன் உவமையைத் திறவுங்கள். மத்தேயு 13, மாற்கு 4 ஆகிய இணைப்பகுதிகளைக் காட்டுகிறதா? காட்டினால் அது கற்க உதவும். இல்லையேல் வாசிக்க மட்டுமே உதவும்.

இவ்வாறு சோதித்தபின், குடும்பமாக அமர்ந்து அந்த மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டுப் படிப்போம்.