மோதல் சாவுகளும் சுதந்திரமான புலனாய்வும்

கைதுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பவரை அடக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தக் காவல்துறைக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைக் கொல்லும் உரிமையை அது வழங்கவில்லை. தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவலர் கூறும்போது, அக்கூற்றை ஆராய வேண்டியவர் யார் என்பதே முக்கியமான கேள்வியாகும்.

நவி மும்பையின் வாஷியில் 2006 நவம்பர் 11 அன்று பிடித்துச் செல்லப்பட்ட லக்கன் பையா எனும் ராம்நாராயண் குப்தா, அன்றிரவே மும்பை வெர்சோவாவில் நடந்த மோதலில் இறந்ததாக அறிவிக்கப்பட்டார். வழக்கறிஞரான அவருடைய சகோதரர் உயர் நீதிமன்றத்தை அணுகினார். அதன் ஆணைப்படி விசாரித்த நடுவர், இது காவலில் நிகழ்ந்த கொலை என 2008இல் அறிக்கை அளித்தார். 2013இல் அமர்வு நீதிமன்றம் 13 காவலர் உட்பட 21 பேரைத் தண்டித்தது. அக்காவலருள் பெரும்பாலோரின் தண்டனையை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் உறுதி செய்தது.

மும்பையின் மோதல் சாவுகள் பற்றிய மற்றொரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் 16 நெறிமுறைகளை வகுத்தது. அவற்றுள் முக்கியமானவை:

1. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட்டு, தாமதமின்றி நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.
2. குற்றப் புலனாய்வுத் துறையோ வேறொரு காவல் நிலையத்தின் குழுவோ மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் புலனாய வேண்டும்.
3. நடுவர் விசாரணை கட்டாயம்.
4. வீரச்செயல் ஐயமின்றி நிலைநாட்டப்படும்வரை விருதோ முறை கடந்த பதவி உயர்வோ கூடாது.

எல்லாக் குடும்பங்களிலும் வழக்கறிஞர் இருப்பதில்லை. எனவே, உறவினர் போராடாவிடினும் இந்நெறிமுறைகள் தாமாகவே செயற்படுமாறு செய்வது நிர்வாகத்தின் கடமையாகும்.