முகம் பார்க்காத மாப்பிள்ளையும் முன்யோசனையுள்ள பெண்களும்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் தூரத்து ஊர்க் கதை. கடல் தாண்டிய கதை. ஆனால் கேட்டால், "இது நமக்குப் புரியுற விஷயம்தானே" என்று சொல்வீர்கள்.

அமெரிக்காவில் 1800களில் "தபால் மணப்பெண்" என்று ஒரு பேச்சு இருந்தது. நாட்டின் கிழக்குப் பக்கம் பழைய ஊர்களும், ஆலைகளும், கோயில் குளம் போல அவர்களுக்கு சர்ச்சும் பள்ளிக்கூடமும் இருந்தன. மேற்குப் பக்கம் காடும் மலையும் புதிதாகக் குடியேறிய சின்னச் சின்ன ஊர்களும்தான். 1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உடனே ஆண்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். 1850இல் அங்கே கணக்கெடுத்தபோது நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்கள். சமைக்க, துவைக்க, பேச ஆள் இல்லை. கல்யாணம் செய்ய பெண் இல்லை. அதனால் கிழக்கே இருந்த பெண்களுக்குக் கடிதம் எழுதினார்கள், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். நாலு கடிதம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். பெண் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

1869இல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ரயில் பாதை முடிந்தது. அதற்கு முன்னால் போவது லேசான காரியம் இல்லை. மாட்டு வண்டியில் போனால் சுமார் 3,200 கிலோமீட்டர், ஐந்து ஆறு மாதம். முழுவதும் கப்பலிலேயே போனால் கண்டத்தின் அடிமுனை வரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் காலரா வந்து செத்தவர்கள் ஏராளம்.

இந்தப் பெண்களைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, "ஐயோ பாவம், வேற வழியில்லாம போனாங்க" என்பார்கள். இல்லையென்றால், "என்ன தைரியம், கண்ணை மூடிக்கிட்டு குதிச்சாங்க" என்பார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அவர்களில் பலர் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனார்கள். கணக்குப் போட்டார்கள், கேள்வி கேட்டார்கள். எங்கே கேள்வி கேட்க இடம் இருந்ததோ அங்கே தப்பித்தார்கள். எங்கே இடம் இல்லையோ அங்கே மாட்டிக்கொண்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இன்னும் இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டும். இப்போது கனடா என்கிறோமே, அங்கே கியூபெக் பக்கம் பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். அங்கேயும் ஆண்கள்தான் அதிகம். பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி 1663 முதல் 1673 வரை பதினோரு வருஷத்தில் 770 பெண்களுக்கு அருகில் கப்பலில் அனுப்பினார். "ராஜாவின் பெண்கள்" என்று இவர்களுக்குப் பெயர். பலர் தாய் தகப்பன் இல்லாதவர்கள், பாரிஸ் நகரத்து ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர்கள். வரதட்சணை கொடுக்க யாரும் இல்லாததால் ஊரில் நல்ல இடத்தில் கல்யாணம் நடக்காது. ராஜாவே சீர் கொடுத்தார். ஒரு பெட்டி, அதில் சீப்பு, கத்தரிக்கோல், இரண்டு கத்தி, நூல், நூறு தையல் ஊசி, ஆயிரம் குண்டூசி, காலுறை, கையுறை. கல்யாணம் ஆனால் கூடவே 50 லிவ்ர் பணம். லிவ்ர் என்பது அந்தக் காலத்துப் பிரான்ஸ் காசு.

ராஜாவுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? ஜனத்தொகை பெருக வேண்டும், நாடு கையைவிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான். உயிரோடு பத்துப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு வருஷம் 300 லிவ்ர் உதவித்தொகை என்று 1669இல் உத்தரவு போட்டார்கள். கல்யாணம் பண்ணாமல் சுற்றும் ஆண்கள் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போகக் கூடாது என்றுகூட அங்கிருந்த அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார்! ஆண்களுக்கும் நெருக்கடி இருந்தது என்பதைக் கேட்க நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது இல்லையா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கப்பலில் இறங்கியதும் அந்தப் பெண்ணை யாரும் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்கவில்லை. மொன்ட்ரியால் ஊரில் மார்கரீத் பூர்ஷ்வா என்ற அம்மா ஒரு வீட்டில் அவர்களைத் தங்கவைத்தார். ரொட்டி சுடுவது, துணி தைப்பது, குளிர்காலத்தைச் சமாளிப்பது எல்லாம் கற்றுக்கொடுத்தார். மாப்பிள்ளை தேடி வருகிறவர் அந்த வீட்டுக்கு வர வேண்டும். அங்கே பெண் கேட்பாள், ஆண் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "உனக்கு வீடும் நிலமும் இருக்கா?" அப்போது கியூபெக்கில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி, மரி த லின்கார்னசியோன், இதைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். கேட்டது புத்திசாலித்தனம், வீடு போடாதவனைக் கட்டினவர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

பேசி முடித்து, எழுதும் அதிகாரி முன்னால் கல்யாண ஒப்பந்தம் போட்ட பிறகும், ஆள் சரியில்லை என்று தெரிந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வேறு ஆளைக் கட்டியவர்கள் பலர் உண்டு. பெயர் தெரியாத அநாதைப் பெண்கள், படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? தங்க ஒரு வீடு இருந்தது. கூட நாலு பெண்கள் இருந்தார்கள். "வேணாம்" என்று சொன்னால் ராத்திரி நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. குழு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடியும் அமெரிக்காவுக்கு வருவோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்று ஒரு பஞ்சாலை ஊர். நம்ம திருப்பூர், கோயம்புத்தூர் பக்கத்து மில் ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள் வந்து விடுதியில் தங்கி மில்லில் வேலை பார்ப்பார்கள். 1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. பருத்தி வந்துகொண்டிருந்தது தெற்கு மாநிலங்களிலிருந்து, அதுவும் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பில். போரால் பருத்தி நின்றது, மில் மூடியது. இளவட்ட ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள், ஆயிரக்கணக்கில் திரும்பியே வரவில்லை. வேலையும் இல்லை, கல்யாணம் பண்ண ஆளும் இல்லை. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, அண்ணி முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில் மேற்குக் கரையில் சியாட்டில் ஊரிலிருந்து ஆசா மெர்சர் என்ற இளைஞர் வந்தார். அந்த ஊரின் பல்கலைக்கழகத்துக்கு முதல் தலைவர். "எங்க ஊருக்கு வாங்க, டீச்சர் வேலை இருக்கு, மரியாதையான வேலை" என்று அழைத்தார். சரியாகச் சொன்னால் இது கடிதம் போட்டுச் செய்த கல்யாணம் இல்லை, வேலைக்கு அழைத்ததுதான். ஆனால் அழைத்தவர் மனசில் கல்யாணம்தான் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். 1864இல் பதினோரு பெண்கள் கிளம்பினார்கள். கப்பலில் பனாமா வரை, அங்கே தரைவழியாக ரயில், மறுபடி கப்பல். மே 16ஆம் தேதி சியாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் கொஞ்ச காலத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மெர்சருக்கு ஆசை பெருகிவிட்டது. அடுத்த தடவை நூற்றுக்கணக்கில் கூட்டி வருகிறேன் என்றார். ஆண்களிடம் ஆளுக்கு 300 டாலர் வாங்கிக்கொண்டு, நல்ல குணமுள்ள மனைவி கொண்டுவருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். நம்ம ஊர் கல்யாணத் தரகர் தோற்றுப்போவார்! ஆனால் நியூயார்க் பத்திரிகை ஒன்று, அங்கே போனால் பெண்களைத் தப்பான வழியில் தள்ளிவிடுவார்கள் என்று எழுதியதும் பாதிக்கு மேல் பெண்கள் பின்வாங்கிவிட்டார்கள். 1866 ஜனவரியில் கிளம்பிய கப்பலில் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள், அதிலும் கல்யாணம் ஆகாத பெண்கள் பாதிக்கும் குறைவு. பின்வாங்கினவர்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். விசாரிக்க வழி இல்லாதபோது நின்றுகொள்வதும் புத்திதான்.

போய்ச் சேர்ந்த பெண்கள் விஷயத்தைக் கவனியுங்கள். 300 டாலர் கொடுத்த ஆண்கள் மெர்சரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். ஆனால் ஒப்பந்தம் ஆணுக்கும் மெர்சருக்கும் இடையில்தான். பெண் அதில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் தனக்குப் பிடித்தவனைக் கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். ஒருத்தி மெர்சரையே கட்டிக்கொண்டாள்!

பத்திரிகை விளம்பரத்தையும் சொல்ல வேண்டும். 1870களில் "மேட்ரிமோனியல் நியூஸ்" என்று கல்யாண விளம்பரத்துக்காகவே ஒரு பத்திரிகை வந்தது. வயது, உயரம், எடை, முடியின் நிறம், சொத்து எல்லாம் எழுதுவார்கள். பெயர் இருக்காது, நம்பர்தான். கடிதம் அலுவலகம் வழியாகப் போகும். பெண்களுக்கு நாற்பது வார்த்தை வரை இலவசம், ஆண் என்றால் காசு கட்ட வேண்டும். பெண்ணுக்கு மதிப்பு கூடியிருந்த காலம் அது.

அந்த மதிப்பு சட்டத்திலும் தெரிந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பல மாநிலங்களில் கல்யாணம் ஆனதும் மனைவியின் சொத்து புருஷன் கைக்குப் போய்விடும். 1849இல் கலிஃபோர்னியா தன் அரசியல் சட்டத்தை எழுதியபோது மனைவியின் சொத்து மனைவிக்கே என்று வைத்தார்கள். இப்படி வைத்தால் வசதியுள்ள பெண்கள் இங்கே வருவார்கள் என்று ஒரு உறுப்பினர் சபையிலேயே பேசினார், அவர் கல்யாணம் ஆகாதவர். வயோமிங்கில் ஆறு ஆணுக்கு ஒரு பெண் என்ற நிலை. அங்கே 1869இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. பெண்களை வரவழைக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம்ம மேல பாசத்தில் கொடுத்த உரிமை இல்லை. ஆனால் கைக்கு வந்ததை அந்தப் பெண்கள் விடவில்லை.

ஓரிகான் பகுதியில் 1850இல் வந்த சட்டப்படி தனி ஆளுக்கு 320 ஏக்கர், கல்யாணம் ஆனவருக்கு 640 ஏக்கர். அதில் பாதி மனைவி பெயரிலேயே! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 320 ஏக்கருக்கு ஆசைப்பட்டு பதின்மூன்று, பதினாலு வயசுச் சிறுமிகளைக்கூடக் கட்டிக்கொண்டார்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அது சும்மா கிடந்த நிலம் இல்லை. அங்கே காலம் காலமாக இருந்த பூர்வகுடி மக்களிடமிருந்து எடுத்துக் கொடுத்த நிலம். ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பட்டா இன்னொரு பெண் இழந்த பூமி.

இனி மாட்டிக்கொண்டவர்கள் கதை. 1908க்குப் பிறகு ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் "போட்டோ மணப்பெண்" என்று ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் போனார்கள். சிலருக்கு வறுமை. சிலருக்கு வெளிநாடு பார்க்கும் ஆசை. மாமியார் இல்லாத வீடு கிடைக்கும் என்றே போனதாகச் சொன்னவர்களும் உண்டு (சிரிக்காதீர்கள், இது பதிவாகியிருக்கிறது). ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். கப்பல் ஏறும் முன்பே ஊரில் மாப்பிள்ளை வீட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். சட்டப்படி அவள் மனைவி. துறைமுகத்தில் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், வந்து நிற்பவருக்குப் பத்துப் பதினைந்து வயது அதிகம். பழைய போட்டோ, இல்லை வேறு ஆள் போட்டோ. பணக்காரன் என்று எழுதியவன் கரும்புத் தோட்டக் கூலி. திரும்பிப் போகக் காசு கிடையாது, மொழி தெரியாது, மார்கரீத் அம்மா வீடு மாதிரி ஒதுங்க இடமும் இல்லை. அவளும் கரும்புக் காட்டில் இறங்கினாள், ஆணை விடக் குறைந்த கூலிக்கு. ஓடிப்போன மனைவிமார்களைத் தேடி அங்கிருந்த ஜப்பானியப் பத்திரிகைகளில் போட்டோவோடு விளம்பரம் வந்தது. பிடிக்காத வாழ்க்கையை விட்டு ஓடுவதற்கும் தைரியம் வேண்டும். 1920இல் ஜப்பான் அரசு அமெரிக்காவுக்குப் போகும் போட்டோ மணப்பெண்களுக்கு பாஸ்போர்ட் தருவதை நிறுத்தியது.

ராஜாவின் பெண்ணும் ஜப்பான் பெண்ணும் தைரியத்தில் ஒன்றுதான். ஒருத்திக்கு இறங்கிய பிறகும் "வேணாம்" என்று சொல்ல வழி இருந்தது. இன்னொருத்திக்கு ஏறும்போதே அது போய்விட்டது.

கடைசியாக எனக்கு ரொம்பப் பிடித்த ஒருவர். 1864இல் மெர்சரோடு போன பதினோரு பேரில் லிசி ஆர்ட்வே என்று ஒருவர் இருந்தார். வயது 35, அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். டீச்சர் வேலை என்று சொல்லி அழைத்தார்கள், அவர் டீச்சர் வேலையே பார்த்தார். 1870இல் சியாட்டில் அரசுப் பள்ளி திறந்தபோது அவர்தான் ஆசிரியை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பாடுபட்டார். 1881இல் கிட்சாப் என்ற மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடைசி வரை கல்யாணம் செய்யவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்த உறுப்பினர் இதைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு இதைப் பேசுங்கள்: நம்ம ஊரில் வெளியூர் மாப்பிள்ளை, வெளிநாட்டு மாப்பிள்ளை என்று வரன் வரும்போது அந்தப் பெண்ணை நேரில் கேள்வி கேட்க விடுகிறோமா? போன இடத்தில் சரியில்லை என்றால் அவள் யாருக்குப் போன் பண்ணுவாள், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள்? பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பஞ்சாயத்து அளவிலான கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்கள்.