சூரைச்செடியின் கீழே ஓர் அடை

வேத வாசிப்பு: 1 இராஜாக்கள் 19:1-18



போன வருஷம் இராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். அந்தச் சகோதரியின் கணவருக்கு மில் வேலை போய் ஆறு மாசம். வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போன மறுநாள் அது. அடுப்பே பற்றவைக்கவில்லை. "பாஸ்டர், செத்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது" என்றார்கள். நான் என்ன செய்தேன்? விசுவாசத்தைப் பற்றி மூன்று வசனம் வாசித்து, ஜெபித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் ஆவியானவர் என்னோடு பேசினார். எலியாவை ஞாபகப்படுத்தினார்.

எலியா யார்? கர்மேலில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணின தீர்க்கதரிசி. அடுத்த அதிகாரத்திலேயே யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அபிஷேகம் பெற்றவனுக்கே இந்த நிலை! நம் சபைகளில் சோர்ந்துபோனவனைப் பார்த்து, "பாவம் ஏதாவது இருக்கும்" என்கிறோமே, தேவன் எலியாவிடம் அப்படிக் கேட்டாரா? இல்லை. அவனைத் தூங்கவிட்டார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டவன் மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாந்தரமும் வந்தான். அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு நாற்பது நாள் நடை. "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற கேள்வி அந்த நடைக்கெல்லாம் பிறகு வருகிறது. நாமோ கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, அடையை மறந்துபோகிறோம்.

ஓரேபில் தேவன் இன்னொரு காரியமும் சொன்னார்: போய் எலிசாவை அபிஷேகம்பண்ணு. விழுந்தவன் எழுந்ததின் பலன் இன்னொருவன் தலையில் இறங்குகிறது.

இது நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இங்கிலாந்தில் பல் வைத்தியர். அதை விட்டுவிட்டு பாக்தாத்துக்கு ஊழியத்துக்குப் போனார். 1831-இல் அங்கே கொள்ளைநோயும் வெள்ளமும் ஒன்றாய் வந்தன. மனைவி மேரி மரித்தார்கள், கைக்குழந்தையும் போயிற்று. அவரும் வியாதிப்பட்டார். ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். 1833-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். பாளையங்கோட்டை ரேனியஸ் ஐயரிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற வாலிபன் அவரோடு சேர்ந்துகொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு பக்கம் போனால், மலையடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை. அருளப்பன் ஐயா ஏற்படுத்திய ஊர் அது. மிஷன் சம்பளம் வேண்டாம், கர்த்தர் போஷிப்பார் என்று ஊழியம் செய்தவர். 1860-இல் அங்கே எழுப்புதல் பற்றியெரிந்தது. ஜனங்கள் பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள், அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் உண்டாயின. அசுசா தெரு எழுப்புதல் 1906-இல்தான். அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்னே, நம் வட்டாரத்தில்! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் குரோவ்ஸ் அதைப் பார்க்கவில்லை. இந்தியாவில் அவர் செய்த விவசாய முயற்சிகளும் பெரும் நஷ்டத்தில் முடிந்தன. 1853-இல் பிரிஸ்டலில் மரித்துப்போனார். பாக்தாத் கல்லறையிலிருந்து எழுந்து நடந்தவரின் பலன், அவர் மரித்து ஏழு வருஷம் கழித்து, வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் தெரிந்தது. சாட்சி சொல்ல நமக்கு அவசரம், தேவனுக்கு அவசரம் இல்லை.

அந்தச் சகோதரி விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே என் மனைவி சோறும் ரசமும் தூக்குவாளியில் கொண்டுபோய், இராத்திரி அங்கேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று ஒரு மூப்பர் முணுமுணுத்தார். தூதன் கொண்டுவந்த அடையை எலியா வேண்டாமென்றா சொன்னான் என்று கேட்டேன். சபையில் நாலு குடும்பம் முறை வைத்து, மூன்று வாரம் சாப்பாடு கொடுத்தது.

கடன் இன்னும் தீரவில்லை. கணவருக்குச் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் தறியில் இராத்திரி வேலை கிடைத்திருக்கிறது. சகோதரி இன்னும் சாட்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வெள்ளி உபவாச ஜெபத்துக்கு வரும்போது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா மூணு நாளா கதவே திறக்கலையாம்.