விருதுக்கு வேண்டிய சாட்சியம்: ஓர் இளம் மருத்துவ ஆசிரியருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கல்லூரியில் இவ்வாண்டு வழங்கவிருக்கும் சிறந்த ஆசிரியர் விருதுக்கு உன் பேராசிரியரின் பெயரை முன்மொழிந்து நீ எழுதிய பாராட்டுரையை, குழுவிடம் கொடுப்பதற்கு முன் என் அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருந்தாய். அதைப் படித்தபோது எழுந்த கோபம், ஆறப்போட்டு மறுபடி படித்தபோதும் தணியவில்லையாகையால், இதை உனக்கு மட்டும் எழுதாமல், இத்தகைய உரைகளை எழுதும் கடமை வாய்த்த மற்ற இளம் ஆசிரியர்களும் படிக்கும்படி, உன் சம்மதத்தோடு பத்திரிகைக்கே அனுப்புகிறேன். என் யூனிட்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவன் என்ற உரிமையில் சற்றுக் கடிந்து எழுதினால் பொறுத்துக்கொள்.

அவர் நல்ல ஆசிரியர் என்பதிலும், நல்ல ஆசிரியரைக் கௌரவிப்பது ஒரு வைத்தியக் கல்லூரியின் கடமை என்பதிலும் நமக்குள் வாதமில்லை. ஆனால் உன் உரையை மட்டும் படிக்கும் ஒருவருக்கு, அவர் என்ன கற்பித்தார், எப்படிக் கற்பித்தார் என்று அறிந்துகொள்ள ஏறக்குறைய வழியே இல்லை. முதற்பக்கம் முழுவதும் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். அடுத்த பக்கத்தில் மாநாடுகள், கமிட்டிகள், பாடநூல்களில் எழுதிய அத்தியாயங்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் பிரசுரமாகியிருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, ஒரு டாக்டரைப் பற்றி எழுதும் காகிதமெல்லாம் கட்டுரைக் கணக்காகவே மாறிவருகிறது என்பதை நான் அறியாதவனல்லன். ஆராய்ச்சி செய்கிறவர்களைக் குறைத்து மதிப்பவனுமல்லன். ஆயினும், எண்ணுவதற்குச் சுலபமானது என்ற ஒரே காரணத்துக்காக ஆராய்ச்சியின் சான்றுகளைக் கொண்டுவந்து போதனைக்குச் சான்றாக வைப்பது அந்த விருதையும் அவமதிக்கிறது, அந்த மனிதரையும் அவமதிக்கிறது. காலையில் வார்டுக்குள் நுழைந்தால் பகல் சாப்பாட்டு வேளைவரை பிள்ளைகளோடு நின்றுகொண்டே கற்பிக்கிறவர் என்று அவரைப் பற்றி நானே கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்துக்கு உன் உரையில் கிடைத்திருப்பது ஒரே ஒரு பத்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில், மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களிலிருந்து புகழ்மொழிகளை எடுத்து அடுக்கியிருக்கிறாய். வகுப்பு சுவாரஸ்யமாக இருந்ததாம். நேரம் போனதே தெரியவில்லையாம். அமெரிக்காவில் 1973-இல் வெளியான ஓர் ஆய்வை நீ அவசியம் தேடிப் படிக்க வேண்டும். ஒரு நடிகருக்கு டாக்டர் ஃபாக்ஸ் என்று பெயர் சூட்டி, மருத்துவக் கல்வியில் கணிதத்தின் ஒரு கோட்பாட்டைப் பயன்படுத்துவது பற்றி விரிவுரை நிகழ்த்தச் செய்தார்கள். பேச்சில் கம்பீரமும் சரளமும் ஹாஸ்யமும் நிறைந்திருந்தன. விஷயம் மட்டும் வேண்டுமென்றே முரண்பாடுகளும் வெற்றுச் சொற்களுமாக அமைக்கப்பட்டிருந்தது. கேட்டிருந்த மனநல மருத்துவர்களும் உளவியலாரும் கல்வியாளர்களும் அவரைப் பெரும்பாலும் மெச்சியே எழுதிக் கொடுத்தார்கள். கற்றுத் தேர்ந்தவர்களின் கதியே இதுவானால், பத்தொன்பது வயதுப் பிள்ளை பரீட்சைக்கு முந்திய வாரத்தில் போடும் மதிப்பெண்ணை வைத்து ஓர் ஆசிரியரை அளப்பது எங்ஙனம் தகும்? மாணவனின் அன்பு பொய்யென்று நான் சொல்லவில்லை. அவனைக் கேட்க வேண்டிய காலம் வேறு: அவன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கூப்பிட்ட குரலுக்கு வர மூத்த டாக்டர் எவரும் இல்லாத ஒரு நடுநிசியில், மூச்சுத் திணறி வந்த ஒரு கிழவரின் முன்னால் தனியே நின்ற அனுபவம் பெற்ற பிறகு கேட்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னைப் புண்படுத்தியது, அந்த ஒரு பத்தியை நீக்கிப் பார்த்தால் உன் உரை நெடுகிலும் நோயாளி என்று ஒருவர் இல்லாததுதான். வில்லியம் ஆஸ்லர் 1889-இல் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து, பின்னர் அங்கே கல்லூரி ஏற்பட்டபோது மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து எழுப்பி வார்டுக்கு அழைத்துப்போய், நோயாளிகளை அவர்கள் பொறுப்பில் விட்டுக் கற்பித்தவர். 1892-இல் அவர் வெளியிட்ட மருத்துவ கிரந்தம் உலகெங்கும் ஓதப்பட்டது. அத்தனை கீர்த்திக்கும் நடுவில், மாணவர்களுக்கு வார்டுகளில் மருத்துவம் கற்பித்தவர் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறெதுவும் எழுத வேண்டியதில்லை என்று சொன்னவர் அவர். உன் உரையில் கட்டுரைகள் இருக்கின்றன, ஸ்லைடுகள் இருக்கின்றன, புதிதாக வாங்கிய பொம்மை உடல்கள்கூட இருக்கின்றன. கட்டிலில் படுத்திருப்பவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நான் மாணவனாக இருந்த நாளில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார். வயிற்றைத் தொடுவதற்கு முன் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, “பிள்ளைகள் பார்க்கலாமா, ஐயா?” என்று அனுமதி கேட்டு, அதன் பிறகே போர்வையை விலக்குவார். ஒருநாள், நாட்பட்ட ஜுரமும் சோகையுமாய்ப் படுத்திருந்த ஒரு குடியானவரின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்த என் சகபாடி, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்று தைரியமாகச் சொன்னான். சீஃப் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அவன் கையைப் பிடித்து வலது அடிவயிற்றில் கொண்டுபோய் வைத்தார். நோயாளியை வாயைத் திறந்து மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு மூச்சுக்கும் கையைச் சிறிது சிறிதாக இடது விலாவை நோக்கி நகர்த்தினார். தொப்புளை எட்டுவதற்கு முன்பே விளிம்பு வந்து விரலில் இடித்தது. விலாவின் கீழே தொடங்கிய கை மண்ணீரலின் மேலேயே கிடந்து அதை அறியாமல் போயிற்று என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சீஃப் போர்வையை இழுத்து மூடி, “சிரமம் கொடுத்துவிட்டோம்” என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களும், அவர்களிடம் படித்தவர்களும், இன்றும் வலது அடிவயிற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இதை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

விரலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஸ்கேன் இருக்கையில் மார்பைத் தட்டிப் பார்ப்பானேன் என்று கேட்கும் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த இடத்தில் விரலின் கீழே ஒலி கல்லைத் தட்டினாற்போல் செத்துவிடுவதை ஒருமுறை உணர்ந்த மாணவன், அதற்குப் பின் எக்ஸ்-ரேயைப் பார்க்கும் விதமே வேறு. இந்த முறையை வியன்னாவிலிருந்த அவுன்பிரகர் 1761-இல் ஒரு சிறு நூலாக எழுதினார். தந்தையின் விடுதியில் பீப்பாய்களைத் தட்டி மது எவ்வளவு இருக்கிறதென்று அறிந்த பழக்கத்திலிருந்து அது பிறந்தது என்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை மதித்தவர்கள் வெகு சிலரே. பிரான்ஸில் நெப்போலியனின் வைத்தியராயிருந்த கொர்விஸார் அம்முறையைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்துப் பழகி, 1808-இல் அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து விரிவான உரையோடு வெளியிட்டார். தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே அதை எழுதிக்கொண்டிருக்க அவரால் முடியும், எழுதவில்லை. அவுன்பிரகரின் பெயரை முன்னிறுத்தினார். மறு ஆண்டு அவுன்பிரகர் காலமானார். அந்தக் கொர்விஸாரிடம் படித்த லென்னெக்தான் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டவர். கண்டவரின் பெயரை மறைக்காமல், கண்டதைத் தினந்தோறும் கட்டிலருகில் நின்று பிள்ளைகளின் கையில் ஏற்றிய கொர்விஸாரைப் போற்றுவதற்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

இனி அந்தப் பத்திக்கு வருகிறேன். நான்காம் பக்கத்தின் அடியில், இடம் மிஞ்சியதால் சேர்த்ததுபோல் வைத்திருக்கிறாய். இருதய நோயாளி ஒருவரின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த மாணவர்கள், உன் பேராசிரியருக்குப் பயந்து, ஒருவர்பின் ஒருவராக மர்மர் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே போனதையும், கடைசியில் ஒரு பெண் மட்டும் எனக்குக் கேட்கவில்லை, சார் என்றதையும், அவர் அந்தப் பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டி, நோயாளியை இடப்புறம் திரும்பிப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை அவள் கையாலேயே உரிய இடத்தில் வைக்கச் செய்து, அவளுக்குக் கேட்கும்வரை ரவுண்ட்ஸை நிறுத்திவைத்ததையும் எழுதியிருக்கிறாய். தம்பி, மருத்துவ போதனையைப் பற்றித் தமிழில் நான் படித்தவற்றுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே. கேளாததைக் கேட்டதாகச் சொல்லும் பழக்கம் பிற்காலத்தில் எத்தனை நோயாளிகளுக்குத் தீங்காய் முடியும் என்பதை அறிந்த ஒருவரே அப்படி நடந்துகொள்ள முடியும். அதைக் கண்டு மனத்தில் வாங்கிக்கொண்ட ஒருவனே அதை இப்படி எழுதவும் முடியும். இந்தப் பத்தியை எழுதியவன் எதற்காக மற்றப் பக்கங்களை எழுதினான் என்பதே எனக்கு விளங்கவில்லை.

1962-இல் ஏற்படுத்தப்பட்ட பி. சி. ராய் தேசிய விருதில் சிறந்த மருத்துவ ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்பித்த கே. வி. திருவேங்கடம் அவர்கள் ராய் விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். ஆனால் அக்கால டாக்டர்கள் ஒன்றுகூடினால் நினைவுகூர்ந்து பேசுவதெல்லாம் அவருடைய வகுப்புகளைத்தான். உன் உரையிலும் அத்தகைய பேச்சு இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பத்தியை முதற்பக்கத்துக்குக் கொண்டுவா. கட்டுரைப் பட்டியலைக் கடைசியில் இணைப்பாக வை. குழுவினர் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும். அவரிடம் படித்து வெளியூர்களில் வேலை பார்க்கும் நாலைந்து பேருக்கு எழுதி, அவர் கற்பித்ததில் இன்றைக்கும் தங்கள் கை செய்கிற காரியம் எது என்று கேள்; புகழ வேண்டாம், அதை மட்டும் எழுதினால் போதும் என்று கண்டிப்பாகச் சொல். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்து, அவள் எழுதுவதை எல்லாவற்றுக்கும் முன்னால் சேர். திருத்திய பிரதி ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு வந்து சேர்ந்தால், குழுவின் தலைவருக்கு என் கைப்பட ஒரு கடிதம் எழுதி அதனுடன் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய சீஃப்