இது எந்த மாசத்துப் பூங்கொத்து?

போனை எடுத்து அம்ப்ரோசியஸ் போஸ்கார்ட் வரைந்த 'ஜன்னலில் பூ ஜாடி' ஓவியத்தைத் தேடிப் பாருங்க. சுமார் 1618-இல் வரைந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜன்னல் திட்டில் ஒரு ஜாடி, அது நிறையப் பூக்கள், பக்கத்தில் தூரக் கடல்களிலிருந்து வந்த சங்குகள். பார்த்தாச்சா? இப்போ ஒரு கேள்வி. இது எந்த மாசத்தில் பறிச்ச பூங்கொத்து?

எந்த மாசத்திலும் இல்லை என்பதுதான் விடை. அந்த ஊரில் துலிப் ஏப்ரல், மே மாசத்தில் பூக்கும். ரோஜா பெரும்பாலும் ஜூனுக்கு மேலதான். ரெண்டையும் ஒண்ணா ஜாடியில் வைக்கவே முடியாது. அப்புறம் எப்படி வரைந்தார்? ஒவ்வொரு பூவும் பூக்கிற நேரத்தில் தனித்தனியாக மாதிரிப் படம் போட்டு வச்சுப்பாங்க. பிறகு அவற்றைச் சேர்த்து ஒரே கொத்தாக்குவாங்க. நம்ம பாஷையில் சொன்னால், முதல்ல பார்ட் டிராயிங், அப்புறம் அசெம்பிளி. அதனால்தான் போஸ்கார்டின் ஒரே பூ வேற வேற ஓவியங்களில் திரும்ப வருது.

எல்லாரும் இந்த வழியில் போகலை. யான் வான் ஹைசம் நிஜப் பூவுக்காகக் காத்திருந்தவர். மஞ்சள் ரோஜா இன்னும் பூக்கலை, அதனால் ஓவியம் முடியலை என்று 1742-இல் கடிதமே எழுதியிருக்கார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய ஒரு ஓவியத்தில் 1736, 1737 என்று ரெண்டு வருஷமும் இருக்கும்.

ஒரு பூவுக்கு ஏன் இவ்வளவு பாடு? அந்தப் பூக்கள் பல அவங்களுக்கே புதுசு. துலிப் துருக்கியின் ஒட்டோமான் பேரரசு வழியாக வந்தது. லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் தாவரவியலாளர் க்ளூசியஸ் நட்ட துலிப்கள் 1594-இல் பூத்தன. நாம மாலை கட்டுற செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து கிளம்பியதுதான்; அதுவும் டச்சு ஓவியங்களில் இடம் பிடிச்சிருக்கு.

இப்போ துலிப் இதழை ஜூம் பண்ணுங்க. வெள்ளையில் சிவப்புத் தீ எரியுற மாதிரி கோடு தெரியுதா? அன்னைக்கு அதுக்குத்தான் மவுசு. ஆனா அது ஒரு நோய். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ், இதழில் நிறமியைச் சில இடங்களில் தடுத்துடும். அடியில் இருக்கிற வெள்ளையோ மஞ்சளோ வெளியே தெரியும். அதே வைரஸ் கிழங்கையும் பலவீனமாக்கும். பக்கக் கிழங்கு கம்மியா விடும். அதனால் அந்த ரகம் பெருகாது. பெருகாததால் விலை ஏறும். 1637 பிப்ரவரியில் சரிஞ்ச துலிப் வியாபாரத்தில் உச்ச விலை போனது இந்தக் கோடு போட்ட ரகங்கள்தான். காரணம் வைரஸ் என்பது 1920-களில்தான் தெரிஞ்சது. இப்போ கடையில் கிடைக்கும் கோட்டுத் துலிப்கள் நோயில்லாமல் இனக்கலப்பில் உருவாக்கியவை.

பூ வாடிடும், ஓவியம் நிக்கும் என்று நினைச்சுத்தானே இவ்வளவு உழைச்சாங்க? ஓவியமும் வாடுது. வான் ஹைசம் ஓவியங்களில் சில இலைகள் நீலமாத் தெரியும். அவர் நீலத்தோடு மஞ்சள் சாயம் சேர்த்துப் பச்சை பண்ணினார். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் போயிடுச்சு, நீலம் மட்டும் மிஞ்சியது. அருங்காட்சியகங்களில் வெளிச்சத்தைக் குறைச்சு வைக்க இதுவும் ஒரு காரணம்.

கடைசியா ஒரு பயிற்சி. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன் ஓவியங்களை நல்ல ரெசல்யூஷனில் இலவசமாகத் தருது. ரேச்சல் ராய்ஷின் ஒரு படத்தை இறக்குங்க. தாவரவியல் பேராசிரியரின் மகள். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, எண்பது வயசு தாண்டியும் வரைந்தவர். அதில் மூணு விஷயம் தேடுங்க: ஒரு பூச்சி, உதிரப் போகிற ஒரு இதழ், ஒரே மாசத்தில் பூக்காத ரெண்டு பூ. மூணாவதைக் கண்டுபிடிக்க கூகுள் போதாது. வீட்டில் செடி வளர்க்கிறவங்க யாரையாவது கேளுங்க.