நிலா பொய் சொல்லுமா?

செங்கற்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் நீங்கள் இறங்கியதுண்டா? அவ்வூரில் ஒரு சிறு குன்றைக் குடைந்த குகைக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அவருடைய நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. திருமண் அதை மறைத்திருக்கும். அர்ச்சகர் அதைச் சற்றே விலக்கித் தீபம் காட்டும்போது கண் தெரியும். அது புதிதாக முளைத்ததன்று. முதலிலிருந்தே நம் எதிரில்தான் இருந்தது.

துப்பறியும் கதையில் வரும் தடயமும் இப்படித்தான் இருக்க வேண்டும். மறைந்திருக்கலாம்; ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாது.

நான்கு கட்டங்கள்

இதே ஊரைக் களமாக வைத்து நாமே ஒரு சித்திரக் கதை அமைப்போம். பிலிம் காமிரா காலத்துக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: ஒரு வீட்டின் கூடம். சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்.

இரண்டாம் கட்டம்: மாலை ஆறரை மணி. வீட்டார் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பீரோவில் இருந்த நகை களவு போகிறது.

மூன்றாம் கட்டம்: பால் ஊற்றும் பையனை அந்நேரம் தெருவில் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள். எல்லோரும் அவனைச் சூழ்ந்து கொள்கிறார்கள். பையன் அழுகிறான்.

நான்காம் கட்டம்: குடும்ப நண்பர் ஒருவர், "அன்று மாலை ஆறரைக்கு நான் மாமல்லபுரத்தில் இருந்தேன்" என்று கூறி ஒரு புகைப்படத்தை நீட்டுகிறார். படத்தில் அவர் கடற்கரையில் நிற்கிறார். பின்னால் கடல். அடிவானத்துக்குச் சற்று மேலே மெல்லிய பிறை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்களுக்கு வேண்டிய தடயங்கள் எல்லாம் இந்த நான்கு கட்டங்களிலேயே இருக்கின்றன. விடையைப் பிறகு காண்போம்.

விளையாட்டின் விதி

துப்பறியும் கதை ஆசிரியருக்கும் வாசகருக்கும் நடக்கும் ஒரு விளையாட்டு. 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் இதற்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. யாருக்கும் தெரியாத புது விஷத்தைக் கொண்டுவரக் கூடாது என்பது மற்றொன்று.

ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை 'மங்கா' என்கிறார்கள். கோஷோ அவோயாமா 1994-இல் தொடங்கிய 'துப்பறியும் கோனன்' அவற்றுள் புகழ் பெற்றது. அதன் நாயகன் உயர்நிலைப் பள்ளி மாணவன். கயவர்கள் கொடுத்த மருந்தால் அவன் உடல் சுருங்கிச் சிறு பிள்ளையாகி விடுகிறான். இது நடக்கக் கூடியதா? நடக்காது. ஆயினும் இது ஏமாற்று வேலை அன்று. ஏன்? தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள், நாமும் ஒப்புக்கொண்டுதான் கதைக்குள் நுழைகிறோம்.

இப்போது வேறொன்றைப் பாருங்கள். குளோரோபாம் நனைத்த கைக்குட்டையை முகத்தில் வைத்ததும் ஆள் நொடியில் மயங்கி விழுவதைப் பல கதைகளில் கண்டிருப்பீர்கள். உண்மையில் அதற்குச் சில நிமிடங்களாவது பிடிக்கும். "இரண்டு நொடியில் மயக்கிவிட்டான்" என்பதே ஒரு கதையின் முடிச்சானால், வாசகர் எவ்வளவு யோசித்தும் பயனில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் வேறு. கதையின் உலகம் வேறு. அந்த வேற்றுமையை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

ஆகவே, முதலிலேயே அறிவித்த அதிசயத்தை மன்னிக்கலாம். கடைசியில் திடீரென்று வரும் அதிசயத்தை மன்னிக்க முடியாது.

பிறை காட்டிய வழி

நம் கதைக்குத் திரும்புவோம். அமாவாசையன்று சந்திரன் சூரியன் இருக்கும் திசையிலேயே இருக்கிறது. பிறகு நாள்தோறும் கிழக்கே விலகிச் செல்கிறது. மூன்றாம் நாள் மாலை, சூரியன் மறைந்தபின் மேற்கு வானில் மெல்லிய பிறையாகத் தெரிந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும்.

மாமல்லபுரத்தில் கடல் எந்தத் திசையில் இருக்கிறது? கிழக்கில் அல்லவா! அன்று மாலை பிறை தெரிய வேண்டியது நிலத்தின் பக்கம், அதாவது சிங்கப்பெருமாள் கோயில் இருக்கும் மேற்குப் பக்கம். கடலுக்கு மேல் அது வர வழியே இல்லை.

அப்படியானால் புகைப்படம் போலியா? அவசரப்படாதீர்கள். அமாவாசைக்கு முந்திய சில நாட்களில், விடியற்காலையில், மெல்லிய பிறை கிழக்கே கடலுக்கு மேல் எழும். படம் உண்மையானதே. அதற்கு அவர் சொன்ன நாளும் நேரமும்தான் பொய்.

இன்னும் ஒரு படி உண்டு. அவர் பொய் சொன்னார் என்றுதான் நிலா காட்டியது. திருடினார் என்று காட்டவில்லை. அதற்கு வேறு தடயம் வேண்டும். தெருவில் நின்றான் என்பதற்காகப் பையனைத் திருடன் என்று சொல்வதும் இதே தவறுதான். சந்தேகம் சான்று ஆகாது.

மணலுக்குள் ஒரு விடை

மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, அங்கே ஒரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றுள் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்ததும் ஒன்று. அவ்விடத்தில் ஒரு முருகன் கோயில் இருந்ததாக எழுத்துகள் கூறின. கண்ணுக்கோ மணல்தான் தெரிந்தது!

தொல்லியல் துறையினர் 2005-இல் அருகிலிருந்த மணல்மேட்டை அகழ்ந்தார்கள். கருங்கல் கோயிலின் எச்சங்கள் கிடைத்தன. அவற்றின் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. கல்லால் ஆன வேலும் கிடைத்தது. கல்வெட்டைப் படித்தவுடன் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று அவர்கள் எழுந்துவிடவில்லை, தோண்டிப் பார்த்தார்கள். மணலுக்குள் ஒன்றும் இல்லாதிருந்தால் தங்கள் ஊகத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அறிவியலின் முறை இதுவே.

அடுத்த முறை துப்பறியும் கதை படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நீங்கள் கண்ட தடயங்கள். மறு பக்கம் அவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை. கடைசி அத்தியாயத்துக்கு முன் கதையை மூடிவிட்டு உங்கள் விடையை எழுதுங்கள். ஆசிரியர் நியாயமாக ஆடினாரா என்பது தெரிந்துவிடும். நீங்கள் நியாயமாக ஆடினீர்களா என்பதும்தான்!